மொழியியல் மேற்படிப்பும் நம் மாணாக்கரும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெறுவோருள் மிகப் பலர் ஆசிரிய நியமனத்தை எதிர்நோக்கி நிற்பதும், அது கிடைத்தபின் மேற்படிப்பென்னும் எண்ணத்தை மெல்லக் கைவிடுவதும் நம் நாட்டில் இயல்பாகிவிட்டன. அவருள்ளும் ஒரு சிலர், மொழியை இலக்கியத்துக்குத் துணையாக மட்டும் நோக்காது, மொழியாகவே வைத்து ஆராயும் வேட்கை உடையராய் இருத்தலைக் காண்கின்றோம். கொழும்பு நகரிலே, அதிலும் தெமட்டகொடை போன்ற பகுதிகளிலே, வளரும் பிள்ளைகளிடத்து இவ்வேட்கை தோன்றுதல் வியப்பன்று. வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் மற்றொரு தமிழ், அயல்வீட்டு முஸ்லிம் நண்பனிடத்து வேறொரு தமிழ், கடைத்தெருவிற் சிங்களம், அலுவலகப் படிவத்தில் ஆங்கிலம் என்றவாறு நாள்தோறும் மொழிகளுக்கிடையே நடமாடுபவன், மொழி என்பது யாது என வினவாதிருந்தாலன்றோ வியத்தல் வேண்டும்!

ஆயின், வேட்கை மட்டும் போதாது. எங்கு விண்ணப்பிப்பது, எப்பொழுது விண்ணப்பிப்பது, விண்ணப்பத்தில் யாது எழுதுவது என்பவற்றை எடுத்துரைப்பார் இல்லாமையால் தகுதியுடையோர் பலர் விண்ணப்பியாமலே இருந்துவிடுகின்றனர். விண்ணப்பிப்போருள்ளும் சிலர் தம்மிடம் உள்ள பொருளை மறைத்து, இல்லாத பொருளைக் காட்ட முயன்று தோல்வியுறுகின்றனர். இவ்விரண்டனுள் பின்னதே பெரிய இழப்பென்பது என் கருத்து. ஆதலின் அதனையே சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன்.

முதலில், மொழியியல் என்பது நாம் பள்ளியிற் கற்ற இலக்கணத்தினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். நம் ஆசிரியர் கற்பித்த இலக்கணம் இது வழு, இது வழாநிலை என்று வரையறுப்பது. மொழியியலோ மக்கள் பேசுவதை உள்ளவாறே எடுத்து, அதனுள் அமைந்து கிடக்கும் ஒழுங்கைக் காண முயல்வது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'அவன்', 'இவன்' என்பவற்றோடு 'உவன்' என்னும் சொல்லும் இன்றளவும் வழங்குகின்றது. அகரச்சுட்டு, இகரச்சுட்டு, உகரச்சுட்டு என மூன்றனையும் இலக்கண நூல்கள் கூறியுள்ளன. தமிழகத்துப் பேச்சு வழக்கில் உகரச்சுட்டு மறைந்துவிட, ஈழத்திலே அது உயிருடன் வாழ்கின்றது. கொழும்பிலே வாழும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவன் இச்சொல்லைப் பிறர் நகைப்பர் என்று அஞ்சிக் கைவிடுகின்றான். மொழியியலாளனுக்கோ அது பொன்னினும் விலையுயர்ந்த சான்று. எப்பொழுது 'உவன்' வரும், எப்பொழுது 'அவன்' வரும், கேட்போனுக்கு அருகில் உள்ளமையாலா, முன்னரே பேசப்பட்டமையாலா என்று வினவத் தொடங்கினால் அதுவே ஆராய்ச்சி.

இவ்வாறு கூறுவதனால், தொல்காப்பியமும் நன்னூலும் பயின்றமை வீண் என்று எவரும் கொள்ளற்க. எழுத்துக்கள் உந்தியினின்றெழும் வளியால் எவ்வெவ்விடத்துப் பிறக்கின்றன என்று பிறப்பியலிற் பயின்றவனுக்கு ஒலியியலின் முதற் பாடம் புதியதன்று. வேற்றுமை, எச்சம், புணர்ச்சி என்பவற்றை வேறோர் மொழியில் வேறு பெயராற் கற்கும் பொழுது அவன் பிறரினும் விரைந்து கற்பான். அவ்விலக்கணப் பயிற்சியை விண்ணப்பத்தில் எவ்வாறு கூறுவது என்பதே வினா. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஈழத்தினின்றும் இத்துறைக்குச் சென்றோர் வரலாறு சிறிது நோக்கத்தக்கது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் 1930களிலே இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கி.பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியே அவர் எடுத்துக்கொண்ட பொருள். இலண்டனிலே ஒலியியல் செழித்து வளர்ந்த காலம் அது. பின்னர் 1944 இல் பிரித்தானியாவின் முதலாவது பொது மொழியியற் பேராசிரியராக அமர்ந்த ஜே. ஆர். பேர்த் என்பார், தமிழ் உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமான விளக்கமொன்றை 1934 இல் எழுதியிருந்தமை நினைவுகூரத்தக்கது. கணபதிப்பிள்ளை அவர்கள் தாயகம் மீண்டு பேராசிரியராகப் பணியாற்றியதோடு நில்லாது, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகங்கள் எழுதினார். அப்பேச்சின் ஒலியமைப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். சாசனத்தின் மொழியை ஆராய்ந்தவர், தம் ஊரார் வாய்மொழியையும் ஒத்த மதிப்புடன் ஆராய்ந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

அவருக்குப் பின் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை அவர்கள் ஒக்ஸ்போர்ட் சென்று, திராவிடச் சொற்பிறப்பு அகராதியை எமனோவுடன் சேர்ந்து 1961 இல் வெளியிட்ட பரோ அவர்களிடத்துச் சாசனத் தமிழையே ஆராய்ந்தார். அவர் எழுதிய 'தமிழ் வரலாற்றிலக்கணம்' நம் மாணாக்கர் நன்கறிந்த நூல். பேராசிரியர் சு. சுசீந்திரராசா அவர்களோ மேற்கு நோக்கிச் செல்லாது சிதம்பரத்துக்குச் சென்றார். தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியற்றுறை அக்காலத்து இந்தியாவின் தலைசிறந்த மொழியியல் நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. ஈழத் தமிழை, சிறப்பாக யாழ்ப்பாணத் தமிழை, விவரித்துரைக்கும் அவருடைய ஆய்வேடு 1967 இல் அங்கே நிறைவுற்றது. பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் கெயர், களனியின் டபிள்யூ. எஸ். கருணாதிலக்க என்போருடன் இணைந்து, இலங்கைப் பேச்சுத் தமிழைக் கற்பிக்கும் பாடநூலொன்றையும் அவர் ஆக்கினார். ஓர் அமெரிக்கர், ஒரு சிங்களவர், ஒரு தமிழர் மூவரும் ஒருங்கிருந்து நம் பேச்சுத் தமிழுக்குப் பாடநூல் எழுதினர் என்பது, அந்நூல் வெளிவந்த 1970களின் பிற்பகுதியை எண்ணும்போது, எளிய செய்தியன்று.

இம்மூவர் வரலாற்றிலும் பொதுவாக உள்ளது யாது? எவரும் வெறுங்கையோடு செல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய பொருளைத் தம்முடன் கொண்டுசென்றனர். சென்ற இடத்தில் முறையைக் கற்றனர். பொருள் நம்முடையது, முறை அவர்களுடையது என்று சுருங்கக் கூறலாம். (முறையும் நம்முடையதாதல் வேண்டும் என்பார் உளர். ஒப்புகின்றேன், ஆயின் அது பின்னர் வருவது.)

இனி இதன் மறுபுறத்தை நோக்குவோம். கொழும்பிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நீர்கொழும்பிலே, சிங்களமும் தமிழும் ஒருங்கு பேசும் மீனவர் வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுத் தமிழில் ஒரு புதுமை உண்டு. நாம் 'நான் வருகிறேன், நீ வருகிறாய், அவன் வருகிறான்' என்று வினைமுற்றிலே இடத்தையும் பாலையும் எண்ணையும் காட்டுகின்றோம். பேச்சுச் சிங்களத்திலோ 'எனவா' என்னும் ஒரே வடிவம் மூவிடத்துக்கும் வரும். எழுத்துச் சிங்களத்தில் மட்டும் விகுதி வேறுபாடு உண்டு. நீர்கொழும்பு மீனவர் தமிழில் வினைமுற்று விகுதிகள், பேச்சுச் சிங்களத்தைப் போலவே, மறைந்துவிட்டன. திராவிட மொழியொன்று இந்தோ-ஆரிய மொழியொன்றின் அருகிருந்து தன் வினையமைப்பின் நடுநாடியையே மாற்றிக்கொண்ட இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 2004 இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் ஸ்டீவன் பொண்டா என்னும் அமெரிக்கர்.

இஃது ஒன்றன்று. மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேய மொழியின் ஒலியமைப்பை ஆராய்ந்து, அதே கோர்ணெலில் 1970களிற் பட்டம் பெற்றவர் இயன் சிமித். மலைநாட்டு மலாய் மக்களின் மொழிக்கு விரிவான இலக்கணம் எழுதி 2009 இல் ஆம்ஸ்டர்டாமிற் பட்டம் பெற்றவர் செபஸ்தியன் நோர்டொஃப். அம்மலாய் மொழி நம் நாட்டு மொழிகளைப் போல வேற்றுமை உருபுகளைப் பெற்றுவிட்டமை உலக மொழியியலாரின் கவனத்தை ஈர்த்த செய்தி. இவர்கள் கடல் கடந்து வந்து, நம் மண்ணிலே வாழும் மொழிகளைக் கற்று, அரும்பணி ஆற்றினர். அதற்காக நாம் அவர்களுக்கு நன்றியுடையோம். ஆயினும் அவர்கள் முயன்று தேடிக் கற்றதை, நம் மாணாக்கர் விளையாட்டாகவே கேட்டு வளர்கின்றனர். அங்ஙனமிருந்தும், விண்ணப்பம் எழுத அமர்ந்தவுடன் நம் மாணாக்கன் எழுதுவது யாது? 'தமிழ் உலகின் மிகத் தொன்மையான மொழிகளுள் ஒன்று. அதன் பெருமையை உலகறியச் செய்தல் என் வாழ்நாள் இலட்சியம்.' இவ்வாக்கியங்களைக் கண்ட தெரிவுக் குழுவினர் மறுபக்கம் புரட்டுவர். அவர்களுக்குத் தமிழின்மீது பகை ஒன்றும் இல்லை. ஆராயத்தக்க வினா ஒன்றும் அவ்வாக்கியங்களில் இல்லை என்பதே காரணம்.

வினா எவ்வாறு பிறக்கின்றது என்பதற்குத் தெமட்டகொடையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இப்பெயரிலே தமிழரைக் குறிக்கும் 'தெமள' என்னும் சிங்களச் சொல் மறைந்துள்ளது என்று கருதுவார் உளர். கேட்க இனிமையாக உள்ளது. ஆயின் 'தெமட்ட' என்பது குமிழ் இனத்துச் செடியொன்றுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர். 'கொட' என்பது மேட்டு நிலத்தையும் ஊரையும் குறிக்கும் ஈறு. மரஞ்செடிகளின் பெயரோடு 'கொட' சேர்ந்து ஊர்ப்பெயராதல் சிங்களத்திற் பெருவழக்கு. 'தெமள' என்பதே 'தெமட்ட' ஆயிற்று என்று கூறுவோன், ளகரம் டகரமாகத் திரிந்தமைக்கு வேறு சொற்களிலும் சான்று காட்டுதல் வேண்டும். காட்டாதவிடத்து ஒலியோடு நேரே பொருந்தும் விளக்கத்தையே கொள்ளுதல் முறை. தனக்கு உவப்பான விளக்கத்தையே முதலில் ஐயுறும் இப்பழக்கம், மொழியியலுக்கு விண்ணப்பிப்போனிடம் தெரிவுக் குழுவினர் தேடும் பண்புகளுள் தலையாயது. இதனை விண்ணப்பத்திலே 'எனக்கு ஆராய்ச்சி மனப்பான்மை உண்டு' என்று எழுதிக் காட்ட இயலாது. சான்றொன்றைக் கையாளும் முறையினாற்றான் காட்டவியலும்.

நிற்க. எங்கு விண்ணப்பிப்பது?

மிக அருகில் உள்ளதிலிருந்து தொடங்குவோம். தெமட்டகொடைப் புகையிரத நிலையத்துக்கு அடுத்த நிலையம் களனி. கண்டி வீதியிலே தலுகமையில் அமைந்த களனிப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கெனத் தனித்துறை உண்டு. முதுமாணிப் படிப்பும் நடைபெறுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் ஒரு துறையாகக் கற்பிக்கப்படுகின்றது. தமிழிலக்கியம் மட்டும் பயின்ற ஒருவன், வேற்று நாட்டுக்கு விண்ணப்பிக்குமுன் இங்கே ஓராண்டு அடிப்படைகளைக் கற்பானாயின், அவன் விண்ணப்பம் பன்மடங்கு வலிமை பெறும். சிங்கள மாணவர் நடுவே அமர்ந்து சிங்களத்தின் இலக்கணத்தையும் உடன்கற்றல் வேறெங்கும் கிடைத்தற்கரிய வாய்ப்பு. தமிழும் சிங்களமும் ஒருங்கறிந்த மொழியியலாளர் நம் நாட்டில் மிகச் சிலரே என்பதையும், 1987 இற் பதின்மூன்றாம் திருத்தத்தின்வழித் தமிழும் ஆட்சிமொழி ஆனபின்னரும் அரச படிவங்களின் தமிழ் எவ்வாறு உள்ளது என்பதையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் தேவை விளங்கும்.

அடுத்து இந்தியா. அண்ணாமலை, ஐதராபாத், புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், புனே டெக்கன் கல்லூரி என்பன மொழியியலிற் பெயர்பெற்றவை. மைசூரில் 1969 இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஆய்வாளர்க்கு நல்லதொரு நூலகத்தை உடையது. இலங்கை மாணவர்க்கு இந்திய அரசு வழங்கும் புலமைப்பரிசில்கள் கொழும்பிலுள்ள இந்திய உயர் தானிகராலயத்தின் வாயிலாக அறிவிக்கப்படும். செலவு குறைவு, திராவிட மொழிகளை நன்கறிந்த ஆசிரியர் பலர், தாயகம் அண்மையில். இவற்றை இழிவாக எண்ணி, மேற்கே சென்றாலன்றிப் படிப்பன்று என்று கருதுவோர் சுசீந்திரராசா அவர்களின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நன்று.

பிரித்தானியாவில் முதுமாணிப் படிப்பு ஓராண்டு. கலாநிதிப் படிப்பு மூன்று முதல் நான்கு ஆண்டுகள். அங்கே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிப்போன் ஆய்வுத் திட்டத்தை முன்னதாகவே எழுதி, வழிகாட்டவல்ல பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பி, அவருடைய இசைவைப் பெற்றபின் விண்ணப்பித்தல் வழக்கம். பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள் 1960 முதல் வழங்கப்பட்டு வருகின்றன. செவனிங் பரிசிலும் உண்டு. ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கட்டணம் அறவிடுவதில்லை. பாடன்-வூட்டம்பேர்க் மாநிலமோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவரிடம் கட்டணம் பெறுகின்றது.

அமெரிக்காவைப் பற்றிய ஒரு செய்தி நம் மாணாக்கருக்குத் தலைகீழாகத் தோன்றும். முதுமாணிப் பட்டம் பெற்ற பின்னரே கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும் என்பது நாம் அறிந்த ஒழுங்கு. அங்கோ இளமாணிப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அன்றியும், முதுமாணி மாணவர் பெரும்பாலும் தம் பணத்திலே பயிலுதல் வேண்டும். கலாநிதிப் படிப்பில் அனுமதி பெற்றோருக்கோ, கற்பித்தலில் உதவுதல் முதலிய கடமைகளுக்கு ஈடாக, ஐந்தாண்டு அளவுக்குக் கட்டண விலக்கும் வாழ்க்கைச் செலவும் பல பல்கலைக்கழகங்கள் அளிக்கின்றன. ஆகவே 'சிறியதற்கு விண்ணப்பித்தால் எளிதிற் கிடைக்கும்' என்னும் கணக்கு அங்கே பொருந்தாது. கிடைத்தாலும் காணியை ஈடுவைத்துச் செல்ல நேரும். 1952 முதல் நம் நாட்டில் இயங்கிவரும் புல்பிரைட் ஆணைக்குழுவின் பரிசில் கைகூடின் அது வேறு. இடங்களோ சில, ஒரு துறை ஓராண்டிற் பத்துப் பேருக்கும் குறைவாகவே சேர்த்துக்கொள்ளுதல் பொதுவழக்கு. 2025 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தம் கலாநிதி இடங்களை மேலும் குறைத்தன என்பதையும் மனத்திற் கொள்க.

விண்ணப்பத்தைப் படிப்போர் யாவர் என்பதை அறிந்தால் எழுதும் முறை தானே விளங்கும். பல்கலைக்கழக அலுவலகத்தார் படிவங்களைச் சரிபார்ப்பர். தெரிவு செய்வோர் துறையின் பேராசிரியர்களே. 'இம்மாணவனுக்கு ஐந்தாண்டு வழிகாட்ட நம்முள் யார் உளர்?' என்பதே அவர்கள் தம்முள் வினவிக்கொள்வது. பெயர்பெற்ற துறையாயினும், நம் வினாவில் ஈடுபாடுடைய ஒருவர் அங்கு இல்லையெனின் விண்ணப்பக் கட்டணம் வீணே. இக்கட்டணம் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நூறு டொலர் அளவில் வரக்கூடுமாதலின், எண்ணிச் செலவிடுதல் வேண்டும். கட்டண விலக்குக் கோருதற்கும் பல இடங்களில் வழியுண்டு. கோருவதில் நாணம் வேண்டா. துறையைத் தெரிதற்கு எளிய வழி, தனக்குப் பிடித்த கட்டுரைகளை எழுதியோர் எங்குக் கற்பிக்கின்றனர் என்று பார்த்தல். மொழிகளின் தொடர்பை ஆராய விரும்புவோன் ஓரிடத்துக்கும், ஒலியியலை விரும்புவோன் வேறோரிடத்துக்கும், சோம்ஸ்கியின் வழிவந்த தொடரியலை விரும்புவோன் மற்றோரிடத்துக்கும் செல்லுதல் வேண்டும்.

நோக்க உரை என்பது ஏறத்தாழ இரண்டு பக்க அளவினது. அதிலே வாழ்க்கை வரலாறு வேண்டா. வறுமையும் இடப்பெயர்வும் உண்மையாயினும், ஆராய்ச்சியோடு தொடர்புடைய அளவுக்கே கூறுக. நான் கண்ட மொழிநிகழ்ச்சி இது. அதனை இவ்வாறு விளங்கிக்கொள்ள முயன்றேன். இவ்விடத்தில் என் விளக்கம் தடைப்பட்டது. அதனைத் தீர்க்க இன்ன முறையைக் கற்கவேண்டியுள்ளது. அம்முறையில் வல்லார் உங்கள் துறையில் இன்னார் என்று அமைந்தாற் போதுமானது. தொல்காப்பியப் பயிற்சியைக் கூறுமிடத்தும், அதன் பழமையைப் புகழாது, ஒரு நூற்பாவின் விதியை ஊர்ப்பேச்சோடு ஒப்பிட்டு எங்கே பொருந்துகின்றது, எங்கே பொருந்தவில்லை என்று காட்டுக. தெமட்டகொடை மாணாக்கன் ஒருவன் தன் தெருவிலேயே 'வருகினம்' என்னும் யாழ்ப்பாண வழக்கையும் 'வர்றாங்க' என்னும் மலையக வழக்கையும் கேட்கின்றான். இவ்விரு வழக்கினரும் கொழும்பிற் பல ஆண்டு கூடிவாழ்ந்தபின் அவர்தம் பிள்ளைகள் எதனைப் பேசுகின்றனர்? பேசுவோர் இசைவைப் பெற்று, இருபது முப்பது வாக்கியங்களை ஒலிப்பதிவு செய்து, அனைத்துலக ஒலிநெடுங்கணக்கில் எழுதி, ஒவ்வோர் உருபுக்கும் கீழே பொருள் குறித்துப் பழகினால், ஆறு மாதத்தில் நோக்க உரைக்கு வேண்டிய உயிர் வந்துவிடும். ஒலிகளை அளத்தற்குப் பிராட் என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் இட்டுப் பழகலாம். இதற்கு எவருடைய அனுமதியும் பணமும் வேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி நம்மவரிடையே ஒரு மயக்கம் உண்டு. 'இன்னார் நல்லொழுக்கமுடையவர், பெரியோரை மதிப்பவர், இவர் முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகின்றேன்' என்று பொதுவாக எழுதி, மாணவன் கையிலேயே கொடுக்கும் நற்சான்றிதழே நாம் அறிந்தது. வெளிநாட்டுத் துறைகள் கேட்பது அதுவன்று. மூன்று ஆசிரியர்கள், மாணவன் காணாதவாறு, நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புதல் வேண்டும். அவற்றில் அவன் எழுதிய கட்டுரை யாது, அதன் சிறப்பு யாது, தாம் கற்பித்த மாணவருள் அவன் எந்நிலையில் உள்ளான் என்னும் விவரங்கள் இருத்தல் வேண்டும். விவரமற்ற புகழுரையை ஆங்குள்ளோர் 'இவர் இம்மாணவனை அறியார்' என்றே கொள்வர். ஆசிரியரிடம் கேட்க மாணவன் தயங்குவதும், கேட்டபின் நினைவூட்ட அஞ்சுவதும் நம் மரபின் மரியாதையால் நேர்வன. இரண்டு மாதம் முன்னரே நேரிற் சென்று கேட்டு, தன் பெறுபேறுகள், தான் எழுதிய கட்டுரை, விண்ணப்பிக்கும் துறைகளின் இறுதி நாள்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், நினைவூட்டலும் மரியாதைக் குறைவாகாது. ஆசிரியருக்கும் அது பேருதவி. இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நேரமின்மையால் 'நீயே எழுதிக்கொண்டு வா, கையொப்பம் இடுகின்றேன்' என்று கூறுதல் மாணவனுக்கு நன்மையாகத் தோன்றினும் அவன் வாய்ப்பைக் கெடுப்பதாகும். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருத்தலை அங்குள்ளோர் எளிதிற் கண்டுகொள்வர்.

எழுத்து மாதிரியாகப் பதினைந்து முதல் இருபத்தைந்து பக்க அளவில் ஓர் ஆய்வுக் கட்டுரை கேட்பர். ஆய்வேட்டைத் தமிழில் எழுதியவன் அதில் ஓர் இயலை ஆங்கிலத்தில் ஆக்குதல் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பயன்தராது; வாதத்தை அவர்கள் எதிர்பார்க்கும் முறையில் மீள அடுக்குதல் வேண்டும். நாம் பொருளைச் சுற்றிவந்து இறுதியில் முடிவைக் கூறுவோம். அவர்கள் முடிவை முதற் பக்கத்திலேயே கேட்பர். இவ்வேறுபாடு அறிவின் குறைபாடன்று, வழக்கின் வேறுபாடே என்பதை நன்கு விளக்கியவர் நம் நாட்டவரே. 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்து, இடையே 1990 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டு, 1994 வரை இங்கே பணியாற்றிய பேராசிரியர் சுரேஷ் கனகராஜா, 2002 இல் வெளியிட்ட நூலிலே, போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் தாளும் தபாலும் மின்சாரமும் இன்றி ஆராய்ந்தோர், உலக ஆய்விதழ்களின் எழுதாத விதிகளை அறியாமையால் எவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டனர் என்று எடுத்துக்காட்டினார். விண்ணப்பத்துக்கும் இது முற்றாகப் பொருந்தும். எழுதாத விதிகளை முன்னர்ச் சென்றோரிடம் கேட்டறிதல் ஒன்றே வழி. அவ்வகையில் நம் கல்லூரியின் பழைய மாணவர் செய்யக்கூடிய உதவி, பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் வழங்குதலினும் பெரிது.

ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்ட ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது ரோபல் பரீட்சை வேண்டும். பெறுபேறு ஈராண்டுக்கே செல்லுபடியாகும். ஜீ.ஆர்.ஈ. என்னும் பொதுப் பரீட்சையை மொழியியற்றுறைகள் பல இக்காலத்துக் கேட்பதில்லை. ஒவ்வொரு துறையின் அறிவித்தலையும் பார்த்துத் தெளிக. பல்கலைக்கழகப் பதிவாளரிடமிருந்து பெறுபேற்றுப் பத்திரங்களைப் பெறுதற்கு நாம் நினைப்பதினும் காலம் செல்லும். இதனை முதலிற் செய்க.

காலக் கணக்கைப் பின்னிருந்து எண்ணுதல் எளிது. அமெரிக்கத் துறைகளில் ஆகஸ்ட் அல்லது செப்டெம்பரிற் படிப்புத் தொடங்கும். அதற்கு முந்திய டிசெம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரையில் விண்ணப்ப இறுதி நாள்கள் வரும். ஆகவே ஒக்டோபரில் ஆசிரியரைக் கேட்டல், செப்டெம்பரிற் பரீட்சை எழுதுதல், அதற்கு முன்னைய ஆறு மாதத்தில் ஒலிப்பதிவும் வாசிப்பும் என்று அமையும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மறுமொழி வரும். அனுமதியும் நிதியும் அளிக்கும் பல்கலைக்கழகங்கள் பல, ஏப்பிரல் 15 ஆம் நாள்வரை முடிவு கூற மாணவனுக்கு அவகாசம் அளிப்பதென்று தம்முள் உடன்பட்டுள்ளன. அந்நாளுக்கு முன் விரைந்து இசைவு கூறுமாறு எவரேனும் நெருக்கினால் அஞ்சவேண்டியதில்லை. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவனுக்கும் அந்நாளையொட்டியே இடம் திறக்கும். ஆதலின், ஒன்றுக்கு மேற்பட்ட அனுமதி கிடைத்தவன் தான் செல்லாத இடத்துக்கு உடனே எழுதிவிடுதல் வேண்டும். அவ்விடத்துக்காகக் காத்திருப்பவன் வேறொரு நாட்டின் வேறொரு தெமட்டகொடையில் இருக்கக்கூடும்.